சட்டப் பாடமும் ஹாமுராவின் வாயும்

சட்டப் பாடத்தில் ஹாமுரா இசாவோ இரண்டாவது தடவையும் ஒரே ஒரு கேள்வியில் கோட்டை விட்டார். முதல் தடவையும் ஒரே ஒரு கேள்விதான் குறைந்தது. ஐந்தாறு கேள்வியில் விட்டிருந்தால்கூட மனுஷன் சரி போகட்டும் என்று படுத்துத் தூங்கியிருப்பார். ஒரு கேள்வியில் தோற்றவனுக்கு எங்கிருந்து தூக்கம் வரும்?

சின்ன விமானத்தைச் சொந்தமாக ஓட்டுவதற்கான லைசென்ஸ் அது. எழுத்துத் தேர்வில் ஐந்து பாடம். விமானம் எப்படிப் பறக்கிறது என்பதில் தேறியாயிற்று. வானிலை, வழி காணுதல், வானொலிப் பேச்சு, அவற்றிலும் தேறியாயிற்று. மிச்சம் சட்டம். முப்பத்து நான்கு வருஷம் ரயில் ஓட்டியவர், விதிப்புத்தகத்தைத் தலைக்கு வைத்துப் படுத்தவர், போயும் போயும் சட்டத்தில் தோற்கிறார். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

தேறிய பாடங்களுக்கு ஒரு வருஷம்தான் ஆயுள். அதற்குள் மிச்சத்தையும் முடித்தாக வேண்டும். முடிக்காவிட்டால் நான்கும் காலாவதி, மறுபடி முதலிலிருந்து ஐந்து பாடம். வயது இருபத்தைந்து என்றால் பரவாயில்லை. ஹாமுராவுக்கு ஐம்பத்தேழு. விமானிகளுக்கு உடல் தகுதிச் சான்று கொடுக்கும் டாக்டர் போன வசந்தத்திலேயே கையில் பட்டையைச் சுற்றி, எண்ணைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

"இந்த வருஷத்துக்குக் குடுத்துடறேன். அடுத்த வருஷமும் ரத்த அழுத்தம் இப்படியே இருந்தா குடுக்க மாட்டேன். அப்புறம் என்மேல கோவிச்சுக்கக் கூடாது."

ஆக, பாடங்களின் கெடு முடியும் இலையுதிர் காலத்துக்குள் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் விட்டால் ஹாமுராவின் பறப்பு அதோடு சரி. தோனெ ஆற்றங்கரை விமானத் திடலின் வேலிக்கு வெளியே நின்று, மற்றவர்கள் ஏறி இறங்குவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"சட்டம் தெரியாமலா தோத்தீங்க? வாயால தோத்தீங்க," என்றாள் ஃபுசாயே. அவருடைய மனைவி. சலவைக் கடையில் துணி வாங்கிக் கொடுக்கும் வேலை பார்ப்பவள். எந்தக் கறை எப்படி வந்தது என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்லிப் பழகியவள்.

அவள் சொன்னது உண்மைதான்.

ரயில் டிரைவர்களுக்குச் சிக்னலைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. வெள்ளைக் கையுறை மாட்டிய விரலை அதை நோக்கி நீட்ட வேண்டும். பார்த்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "புறப்பாட்டு சிக்னல், பச்சை." "வேகம் நாற்பது, சரி." "அடுத்து நுமாகுசி, நிறுத்தம்." தனியாக ஓட்டினாலும் சொல்ல வேண்டும், காய்ச்சலோடு ஓட்டினாலும் சொல்ல வேண்டும். முப்பத்து நான்கு வருஷம் இப்படிச் சொல்லிச் சொல்லி, ஹாமுராவுக்கு விரலும் வாயும் இல்லாமல் மூளை வேலை செய்யாது என்றாகிவிட்டது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது அடுப்பைச் சுட்டி, "கேஸ், அணைச்சாச்சு," என்பார். கதவைச் சுட்டி, "பூட்டு, சரி," என்பார். எதிர் வீட்டுக்காரி அந்தக் குரலைக் கேட்டுத்தான் தன் மகளைப் பள்ளிக்கு அனுப்புகிறாள் என்று பேச்சு.

தேர்வு நடப்பது மீதோ என்ற நகரத்தில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், கணினி முன்னால். தடுப்பு தடுப்பாகப் பிரித்த மேஜைகள். ஒருத்தர் கணக்குப்பதிவுத் தேர்வு எழுதுவார், ஒருத்தர் ஆங்கிலத் தேர்வு எழுதுவார், எல்லாரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே போய் ஹாமுரா திரையைச் சுட்டி, "முதல் கூற்று, சரி. இரண்டாம் கூற்று, தப்பு," என்று ஆரம்பித்தார். அவர் மெதுவாகத்தான் சொன்னாராம். டீசல் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவருக்கு எது மெது என்று எப்படித் தெரியும்?

கழுத்தில் மூக்குக் கண்ணாடியைத் தொங்கவிட்ட மேற்பார்வைப் பெண்மணி ஓசைப்படாமல் வந்தாள். 'குரல் எழுப்ப வேண்டாம்' என்று அச்சடித்த அட்டையை மேஜையில் வைத்தாள். ஹாமுரா எழுந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். அதையும் சத்தமாகக் கேட்டார்.

இரண்டாம் தடவை அதே பெண்மணிக்கு அவரை அடையாளம் தெரிந்துவிட்டது. மூலை மேஜையைக் கொடுத்தாள். "இன்னொரு தடவை சத்தம் வந்தா தேர்வை அங்கயே முடிச்சிடுவோம், மன்னிச்சுக்கணும்," என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். ஹாமுரா பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடினார். மூடியதும் தலை காலியாகிவிட்டது. படித்த வரியையே ஏழெட்டுத் தடவை படித்தார். ஒன்றும் உள்ளே போகவில்லை.

அதற்கு ஏற்றாற்போல் கேள்வியும் வந்து வாய்த்தது பாருங்கள். நான்கு கூற்றுகளைக் கொடுத்து, 'இவற்றில் சரியானவை எத்தனை?' என்று கேட்கிறார்கள். எவை என்று கேட்டாலும் ஒரு நியாயம் உண்டு. எத்தனை என்று கேட்கிறார்கள். மூன்று கூற்று தண்ணீர் பட்ட பாடாகத் தெரிந்து, நான்காவதில் தடுமாறினால் மார்க் கிடையாது. இரண்டைத் தலைகீழாகத் தப்பாக எண்ணியவனுக்குக் கூட்டிக் கழித்து எண்ணிக்கை சரியாக வந்துவிட்டால் முழு மார்க். இந்த அநியாயத்தை நினைக்க நினைக்க ஹாமுராவுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. அது ஏறினால் டாக்டர் சான்று தரமாட்டார் என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பில் இன்னும் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைத் திடலுக்குப் போனார். பயிற்சியாளர் தொகாஷி அங்கே கொட்டகை நிழலில் விமானத்தின் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ராணுவத்தில் விமானம் ஓட்டிவிட்டு வந்தவர், ஹாமுராவைவிடப் பத்து வயது சின்னவர்.

"ஒரு கேள்வியா? மறுபடியும் ஒரே கேள்வியா?" என்றார் தொகாஷி.

"ஒரே கேள்வி."

"எதுல விட்டிருப்பீங்கன்னு ஏதாவது தோணுதா?"

"நேருக்கு நேர் இன்னொரு விமானம் வந்தா எந்தப் பக்கம் ஒதுங்கணும்னு ஒரு கூற்று. இடப்பக்கம்னு எண்ணிட்டேன்."

தொகாஷி துடைப்பதை நிறுத்தினார். "வலப்பக்கம், ஹாமுரா-சான். ரெண்டு பேரும் வலப்பக்கம்."

"தெரியும். வெளிய வந்ததும் தெரிஞ்சுது. நம்ம நாட்டுல ரயில் இடப்பக்கம், கார் இடப்பக்கம், சைக்கிள் இடப்பக்கம். ஆகாசத்துக்கு மட்டும் என்னவாம்?"

"போன தடவை வானொலிப் பேச்சுப் பாடத்துலயும் இப்படித்தான் என்கிட்டச் சண்டை போட்டீங்க. கட்டுப்பாட்டுக் கோபுரத்துலேந்து நிலையா சிவப்பு விளக்கு காட்டினா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன், நிக்கணும்னீங்க. எங்க நிப்பீங்க, மேகத்துல காலை ஊனிக்கிட்டா?"

"சிவப்புன்னா நிக்கணும். அது என் எலும்புல இருக்கு. வழி விட்டு வட்டம் அடிச்சுக்கிட்டே இருன்னு நீங்க சொல்றது காதுலதான் இருக்கு. வாய்விட்டுச் சொன்னேன்னா காதுல இருக்கறது ஜெயிக்கும். சொல்லாம இருந்தா எலும்புல இருக்கறது ஜெயிக்குது. இதுதான் என் தொல்லை."

தொகாஷி சிரிக்கவில்லை. மேலே போனபின் ஹாமுராவைப் போல ஒவ்வொரு மீட்டர் முள்ளையும் சுட்டிச் சொல்லிச் சரிபார்க்கும் மாணவர் அவருக்கு இதுவரை அமைந்ததில்லை. பறக்கும் தேர்வில் இந்த மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு தேறுவார் என்று அவருக்குத் தெரியும். அதற்கு முதலில் எழுத்துத் தேர்வு முடிய வேண்டும். அதுதானே முடியமாட்டேன் என்கிறது.

"வாயைக் கட்டப் பழகுங்க," என்றார். "அந்த ஒரு தேர்வுக்கு மட்டும். அப்புறம் ஆயுசு முழுக்கக் கத்திக்கிட்டே பறங்க, யாரு வேணாங்கறா?"

வழி கண்டுபிடித்தது ஃபுசாயே. சாப்பாடு முடிந்ததும் மேஜையைத் துடைத்து, பழைய கேள்விகள் அச்சடித்த தடிப் புத்தகத்தை அவர் முன்னால் போட்டாள். ஒரு டம்ளர் ஆறிய பார்லி டீயை நீட்டினாள்.

"ஒரு வாய் எடுத்துக்குங்க. முழுங்கக் கூடாது. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்குங்க. இப்ப படிங்க. விடையை மனசுக்குள்ள சொல்லிட்டு, புருவத்தைத் தூக்கிக் காட்டுங்க. ஒண்ணுன்னா ஒரு தடவை, ரெண்டுன்னா ரெண்டு தடவை."

ஹாமுரா வாயில் டீயோடு அவளை முறைத்தார்.

"முறைக்கறதுக்கு மார்க் கிடையாது. படிங்க."

முதல் கேள்வியின் இரண்டாம் கூற்றிலேயே கை தொடைக்கடியிலிருந்து விருட்டென்று வெளியே வந்தது, வாய் திறந்தது, டீ புத்தகம் முழுக்கத் தெறித்தது. ஃபுசாயே விழுந்து விழுந்து சிரித்தாள். ஹாமுராவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பத்தேழு வயதில் பெண்டாட்டி முன்னால் சட்டையை நனைத்துக்கொண்டு உட்காருவதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"இது என்ன கழுதைப் பொழப்பு," என்றார்.

"அப்ப வேலிக்கு வெளிய நின்னு வேடிக்கை பாருங்க."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. மறுபடி ஒரு வாய் எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரம் டீயும் எரிச்சலுமாகப் போயிற்று. ஃபுசாயே தினம் ஒரு துணி எடுத்து வைத்துக்கொண்டாள். அவர் தவறிய இடங்களை எல்லாம் அவள் மனப்பாடமாகவே சொல்லிவிடுவாள். அதில் அவருக்கு இன்னும் கடுப்பு. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் பத்துக் கேள்வியும் துளி சிந்தாமல் முடிந்தது. கை நகரவில்லை. கூற்றுகள் தலைக்குள்ளேயே ஒன்றன்பின் ஒன்றாக வந்து, சரி, தப்பு என்று தாமாகப் பிரிந்து நின்றன. ஹாமுரா டீயை விழுங்கிவிட்டு மெதுவாக, "முடிஞ்சுது," என்றார். அவருக்கே அவர் குரல் சின்னதாகக் கேட்டது.

அதன்பின் அந்தப் பழக்கம் அவரை நன்றாகவே பிடித்துக்கொண்டது. நடக்கும்போது, பல் தேய்க்கும்போது, ஓய்வறையில் சோற்றுருண்டையைப் பிரிக்கும்போதெல்லாம் வாயை மூடியபடி கூற்றுகளை எண்ணினார். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அடுப்பையும் கதவையும் சுட்டுவது நின்றுபோயிற்று. ஒரு சாயங்காலம் குளியல் தொட்டிக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு மறந்துபோனார். தண்ணீர் நடைவழி வரைக்கும் வந்துவிட்டது.

"பரவாயில்ல, வீடு இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு," என்று சொல்லிக்கொண்டே ஃபுசாயே தரையைத் துடைத்தாள். "முப்பது வருஷமா ஸ்டேஷன்ல குடித்தனம் பண்ண மாதிரி இருந்துச்சு."

வண்டி ஓட்டும் அறையில் மட்டும் வாய் தானாகத் திறந்தது. கையுறை மாட்டியதும் விரல் நீளும், குரல் வரும். அந்த இடத்தில் எதுவும் கெடாது என்று ஹாமுரா நம்பினார். நம்பாமல் இருக்கக் காரணம் எதுவும் இல்லை.

மூன்றாம் தேர்வன்று மேற்பார்வைப் பெண்மணி அவரை அதே மூலைக்கு அழைத்துப் போனாள். ஹாமுரா உட்கார்ந்தார். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வாயில் டீ இல்லை, ஆனால் இருப்பது போலவே கன்னம் இறுகியிருந்தது. எத்தனை, எத்தனை, எத்தனை என்று வரிசையாகக் கேட்டார்கள். அவரும் சத்தம் போடாமல் எண்ணி எண்ணி விடையை அழுத்திக்கொண்டே போனார். நேருக்கு நேர் வரும் விமானம் மறுபடி வந்தது. வலம் என்று தலைக்குள்ளே பளிச்சென்று விழுந்தது. முடித்து எழுந்தபோது பக்கத்து மேஜைக்காரர் தலையைக்கூடத் திருப்பவில்லை. வாசலில் அந்தப் பெண்மணி ஆழமாகக் குனிந்து, "இன்னிக்கு ரொம்ப நன்றி," என்றாள்.

முடிவு வர மூன்று வாரம் ஆகும். ஆனாலும் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போல் இருந்தது. அன்று ராத்திரி பல நாள் கழித்து ஹாமுரா நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் முற்பகல் வண்டி. ஒரே பெட்டி. கடைசி அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே ஓடும் கிளைப்பாதை. ஏழு பயணிகள் இருந்தால் கூட்டம் என்று அர்த்தம். டிரைவர் அறைக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் வழக்கம்போல ஓதோமோ கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். நுமாகுசி ஸ்டேஷன் எதிரில் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவள். விடியற்காலையில் மொத்த வியாபாரச் சந்தைக்குப் போய்விட்டு, காய்கறிப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு இந்த வண்டியில்தான் திரும்புவாள்.

ஹாமுராவுக்குத் தேர்வில் ஒரு கூற்று மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. அதைத் தலைக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரியா, தப்பா? சரிதான். இல்லை, அந்த நடு வரியில் ஒரு நிபந்தனை இருந்ததே. கை மடியில் கிடந்தது. கன்னம் இறுகியிருந்தது. இடப்பக்கத்தில் ஒரு நீல பெஞ்சும், ஒரு குளிர்பான எந்திரமும், நுமாகுசி என்று எழுதிய பலகையும் வந்தன, போயின. அவர் அவற்றைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பாதையோரத்தில் வேறு யாருக்கோ சொந்தமான சாமான்களைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அப்புறம்தான் பிரேக்கைப் பிடித்தார்.

பெட்டி முழுவதும் பிளாட்ஃபாரத்தைத் தாண்டி, லெவல் கிராசிங்கையும் தாண்டி நின்றது. கிராசிங் மணி அடித்துக்கொண்டே இருந்தது. முப்பத்து நான்கு வருஷத்தில் நிற்க வேண்டிய கோட்டைக் கையளவு தாண்டியதற்கே தலை குனிந்து நின்றவர் ஹாமுரா. ரேடியோவை எடுத்துக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார். பின்னால் கிராசிங் இருப்பதால் வண்டியைத் திருப்பி எடுக்கக் கூடாது, அடுத்த ஸ்டேஷனுக்குப் போ என்று உத்தரவு வந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டுப் பயணிகளிடம் வந்தார்.

"நுமாகுசியில நிக்காம வந்துட்டேன். என் தப்பு. மன்னிக்கணும்."

ஓதோமோ தூக்கம் கலைந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

"உங்க சத்தமே கேக்கலியே, ஹாமுரா-சான். அதான் நான் எழுந்திரிக்கல. நீங்க நுமாகுசின்னு கத்துவீங்க, நான் பையைத் தூக்குவேன். எத்தனை வருஷமா அப்படித்தான்."

"மன்னிக்கணும்."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவள் திட்டியிருந்தால் தேவலை. அடுத்த ஸ்டேஷனில் அவள் இறங்கி, இரண்டு பைகளையும் பெஞ்சில் வைத்து, கடைக்குப் போன் செய்து அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஹாமுரா வண்டியை எடுத்தார். அன்று மிச்சப் பாதை முழுக்க ஒவ்வொரு கம்பத்தையும் சுட்டிக் கத்தினார்.

பணிமனைத் தலைவர் நெஸு அவரை உட்காரச் சொல்லவில்லை. தானும் உட்காரவில்லை.

"காரணம்?"

"சுட்டல, சொல்லல."

"அது என்ன நடந்துச்சுங்கறது. ஏன்னு கேக்கறேன். உங்களை மாதிரி சொல்லணும்னு நான் புதுசா வர்றவங்களுக்கெல்லாம் உதாரணம் காட்டிட்டு இருக்கேன். உங்க வாய்ல இன்னிக்கு என்ன கொழுக்கட்டையா?"

வேறு ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். தூக்கக் கலக்கம், தலைவலி, எதையாவது. ஹாமுராவுக்கு அது வரவில்லை.

"சொல்லாம இருக்கப் பழகினேன்," என்றார். விமானம், சட்டப் பாடம், அட்டை நீட்டிய பெண்மணி, பார்லி டீ, எல்லாவற்றையும் சொன்னார்.

"நாங்க முப்பத்து நாலு வருஷம் ஊட்டினதை, கொஞ்சம் பார்லி டீ கழுவி விட்டுடுச்சா?" என்றார் நெஸு. குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது. "ஒரு மாசம் வண்டி எடுக்க வேணாம். பணிமனையில நில்லுங்க. வாய் திரும்பற வரைக்கும்."

பணிமனைக்குப் பின்னால், துருப்பிடித்த தண்டவாளத்தின் ஓரத்தில் பயிற்சிக்காக நட்ட சிக்னல் கம்பம் ஒன்று உண்டு. ஹாமுரா அதன் முன் நின்று பச்சை என்றும் சிவப்பு என்றும் நாள் முழுக்கச் சொன்னார். முதல் நாள் விரல் நீண்டது, அன்று வண்டியில் பயத்தில் வந்த குரல் வரவில்லை. குரல் வந்தபோது விரல் வரவில்லை. எதை அடக்க அத்தனை பாடுபட்டாரோ, அதை இழுத்து வெளியே கொண்டுவர அதைவிட அதிகம் பாடுபட வேண்டியிருந்தது. அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த நாட்களில் ஒன்றில்தான் முடிவு வந்தது. ஃபுசாயே சாப்பாட்டு மேஜையில் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தேறிட்டீங்க. சட்டம் தேறிடுச்சு. அஞ்சும் முடிஞ்சுது."

"அப்படியா," என்றார் ஹாமுரா.

"அப்படியாவா? இதுக்கா நான் தினம் உங்க எச்சில் டீயைத் துடைச்சேன்? ஒரு சிரிப்பாவது சிரிங்க."

"சந்தோஷம் வரல, ஃபுசாயே. கோவம்தான் வருது. யார் மேலன்னு தெரியல. அந்த அட்டைக்காரி மேலயா, எத்தனை எத்தனைன்னு கேள்வி எழுதினவன் மேலயா, உன் மேலயா."

"என் மேலயா?"

"என் மேலதான். போதுமா?"

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவருக்குப் பிடித்த கத்திரிக்காய் வறுவலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

தொகாஷி போனில் குதித்தார். பறக்கும் தேர்வுக்கு நாள் கேட்டாயிற்று, டாக்டர் சான்று முடிவதற்குள் வந்துவிடும், தாராளமாகக் கத்திக்கொண்டே வாருங்கள் என்றார். ஹாமுரா நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

மாதம் முடிந்து வண்டிக்குத் திரும்பிய முதல் நாள், அதே முற்பகல் வண்டி. கையுறையை இழுத்து மாட்டினார். புறப்பாட்டு சிக்னலைச் சுட்டிச் சொன்ன குரல் பிளாட்ஃபாரத்தின் கடைசி வரை கேட்டது. பயணிகளில் ஓதோமோவும் இருந்தாள். குனிந்து வணக்கம் சொன்னாள், அவரும் குனிந்தார். அவள் வழக்கமான இருக்கையில் உட்காரவில்லை. டிரைவர் அறைக் கண்ணாடிக்குப் பின்னால், கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்னால் வரும் பாதையைப் பார்த்தபடி நின்றாள். இரண்டு பைகளும் தோளில் இருந்தன.

நுமாகுசிக்கு முந்தைய வளைவு வந்தது. ஹாமுரா மூச்சை இழுத்து விரலைத் தூக்கினார்.

"அடுத்தது நுமாகுசி, ஹாமுரா-சான்," என்றாள் அவள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து. "நிக்கணும்."

அவர் விரல் பாதியில் நின்றது. பிறகு நீண்டது. "அடுத்து நுமாகுசி, நிறுத்தம்," என்று தானும் சொன்னார். வண்டி கோட்டில் அப்படியே நின்றது, விரல் அளவுகூட முன்னே பின்னே இல்லை.

இறங்கும்போது ஓதோமோ கட்டணப் பெட்டியில் சில்லறையைப் போட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள். "உங்களை நம்பாம இல்ல. உட்கார்ந்தா கண்ணு சொக்குது, அதான்."

மறுநாளும் நின்றாள். மறுநாளும் அவருக்கு முன்னால் சொன்னாள். மூன்றாம் நாள் அவள் பக்கத்தில், ஆஸ்பத்திரிக்குப் போகும் கைத்தடிக்காரர் ஒருவரும் எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் இறங்க வேண்டிய இடம் இன்னும் இரண்டு ஸ்டேஷன் தள்ளி.

ஹாமுராவுக்கு அவர்களைத் திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. நான் சட்டத்தில் தேறியிருக்கிறேன், ஐந்து பாடமும் முடித்திருக்கிறேன், அடுத்த வாரம் ஆகாயத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு போகத் தகுதி உண்டா என்று பார்க்கப் போகிறார்கள் என்று. வளைவு வந்துவிட்டது. விரலைத் தூக்கினார்.

"நுமாகுசி, நிக்கணும்," என்றாள் ஓதோமோ. கைத்தடிக்காரரும் கூடவே சொன்னார்.

"ஆமா, நிக்கணும்," என்றார் ஹாமுரா.